பெயர் எழுதியது யார்?

‘மலேசியத் தமிழ் நாவல்களில் தோட்டப்புற வாழ்வு.’ ‘மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் பெண்கள் நிலை.’ ‘மலேசியத் தமிழ்க் கவிதைகளில் சமுதாயச் சிந்தனை.’ இவற்றில் ஒன்றையாவது ஏதோ ஒரு கருத்தரங்க மலரில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாவல் என்று இருக்கிற இடத்தில் நாடகம் என்று போட்டாலும், பெண்கள் நிலை என்ற இடத்தில் வறுமை என்று போட்டாலும் தலைப்பு அசையாமல் அப்படியே நிற்கும். கொஞ்சம் கடுமையாகச் சொன்னால், இந்தத் தலைப்புகளில் எழுத புத்தகத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தோட்டத்தில் வறுமை இருந்தது, பெண்கள் கஷ்டப்பட்டார்கள் என்பது முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே நமக்குத் தெரியும். பிறகு கதையிலிருந்து நாலு மேற்கோள் எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது.

ஜொகூர் பாருவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். பாதிப் பேர் இன்னும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள். “அண்ணே, திறனாய்வுக் கட்டுரை ஒன்னு எழுதணும், தலைப்பு சொல்லுங்க” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் சிவில் இன்ஜினியர். இலக்கியத்தை வகுப்பில் உட்கார்ந்து படித்தவன் இல்லை. ஆனாலும் கேட்கிறார்கள், நானும் ஏதாவது சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் மேலே சொன்ன அச்சில்தான் எல்லாருடைய மனசும் போய் விழுகிறது என்பதைக் கவனித்தேன். இந்த அச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரையின் முதல் பாதி.

சோம்பேறித்தனத்தால் வந்தது இல்லை அது. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படுகிற க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917-ல் வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் வந்ததெல்லாம் சின்னச் சின்ன அச்சகங்களில், குறைந்த பிரதிகளில் வந்தவை. கறையானும் ஈரமும் தின்றது போக மிச்சம் இருந்ததே கொஞ்சம். 1950-ஐ ஒட்டித் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தி, சிறுகதை எழுதுவது எப்படி என்று புதியவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். பிறகு தமிழ் நேசனுக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, இங்குள்ளவர்களின் கதைகளை வைத்துக்கொண்டு இது ஏன் கதை, இது ஏன் கதை இல்லை என்று பேசுகிற பழக்கத்தை வளர்த்தார். 1957-ல் அவர் ஊர் திரும்பிவிட்டார். ஒரு கதையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிற பழக்கம் அதோடு மெலிந்து போனது என்பது என் எண்ணம்.

அதற்குப் பின் வந்தவர்கள் முன்னால் வேறொரு வேலை காத்திருந்தது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. உலகத்து அறிஞர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரு பட்டியலாவது கையில் இருக்க வேண்டும் இல்லையா? 1969-ல் இராம சுப்பையா ‘தமிழ் மலேசியானா’ என்ற நூற்பட்டியலைத் தொகுத்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களும் இதழ்களும் அதில் வரிசையாக இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. முரசு நெடுமாறன் பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து சேர்த்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1997-ல் வந்தது. வீடு எரியும்போது எந்தப் பெட்டி அழகு என்று யாரும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், கைக்கு அகப்பட்டதை வெளியே தூக்கிப் போடுவார்கள். இவர்கள் தூக்கிப் போட்டதால்தான் நமக்குப் பெட்டிகள் இருக்கின்றன. ‘மலேசியத் தமிழ் நாவல்களில்’ என்று தொடங்குகிற தலைப்பு அந்த அவசரத்தில் பிறந்தது. தீ அணைந்த பிறகும் நாம் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறோம் என்பதுதான் சிக்கல்.

அந்த 1966 மாநாட்டை முன்னின்று நடத்தியவர் தனிநாயகம் அடிகள். மாநாட்டைவிட, அவர் தன் ஆய்வுக்குத் தலைப்பு எடுத்த விதம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. யாழ்ப்பாணத்துக்காரர், ரோமில் இறையியல் படித்தவர், ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். முப்பது வயதுக்குப் பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழை முறையாகப் படித்தார். அங்கே அவர் எடுத்த தலைப்பு, சங்கப் பாடல்களில் இயற்கை. கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் லத்தீன் கவிதையும் ஆங்கிலக் கவிதையும் படித்த ஒருவருக்கு அங்கே மலையும் கடலும் எப்படி வரும் என்பது தெரியும். அதைத் தெரிந்துகொண்டு குறுந்தொகையைத் திறந்தால், இங்கே குறிஞ்சியும் நெய்தலும் வேறு மாதிரி வேலை செய்கின்றன என்பது உறுத்தத்தான் செய்யும். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ் மட்டும் படித்தவருக்கு அது உறுத்தியிருக்காது, பழகிப்போயிருக்கும். தான் ஏற்கெனவே சுமந்து வந்த ஒன்றிலிருந்து தலைப்பை எடுத்தார் அவர்.

நான் சுமந்து வந்தது என்ன? மண் வெட்டும் வேலை. சாலைக்கும் வீடமைப்புத் திட்டத்துக்கும் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, வடிகால் அமைக்கிற வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன். அதனால் சயாம்–பர்மா ரயில் பாதை பற்றி எங்கே படித்தாலும் முதலில் கண்ணில் படுவது எண்கள்தான். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். பிரிட்டிஷார் முன்பே பார்த்துவிட்டு, காடும் மலையும் மழையும் கட்டுப்படியாகாது என்று கைவிட்ட பாதை அது. தண்டவாளம் போதவில்லை என்று நம் நாட்டுக் கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பெரும் பகுதியையே கழற்றிக் கொண்டு போனார்கள். இப்போது எங்கள் சைட்டில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் வெட்டிய சரிவின் பக்கம் யாரும் போகக்கூடாது என்று நிறுத்திவிடுவோம். 1943-ன் பருவமழையில் அங்கே வேலையை இன்னும் வேகப்படுத்தினார்கள். எக்ஸ்கவேட்டர் கிடையாது. சங்கோலும் கூடையும் ஆளும்தான்.

அந்த ஆட்களில் 60,000-க்கு மேற்பட்டவர்கள் நேச நாடுகளின் போர்க்கைதிகள். 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவுக்கு இருந்திருக்கலாம் என்றும், இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேல் போனார்கள்; அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். கைதிகளுக்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது. நம் ஆட்களுக்கு ‘இருக்கலாம்’தான். காஞ்சனாபுரியின் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல். தமிழர்களுக்கு அங்கே ஒரு நடுகல் வர 2023 ஆகவேண்டியிருந்தது. அதில் தனித்தனிப் பெயர்கள் போட முடியாது. அப்படி ஒரு முழுப் பட்டியலே இல்லை.

இலக்கியத்திலும் இதே கணக்குத்தான். பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952-ல் குவாய் நதிப் பாலம் பற்றிய நாவலை எழுதினார். 1957-ல் டேவிட் லீன் அதைப் படமாக்கினார். ஏழு ஆஸ்கர் வாங்கியது. பூல் யார் தெரியுமா? என்னைப் போல ஒரு இன்ஜினியர். 1936-ல் மலாயாவுக்கு வந்து ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர். காலையில் பெரட்டுக்கு வந்து நிற்கிற தமிழ் முகங்களைத் தினமும் பார்த்திருக்கக்கூடிய ஆள். ஆனால் அவர் நாவலின் நடுவில் நிற்பவர்கள் பிரிட்டிஷ் கைதிகளும் அவர்களுடைய கர்னலும்தான். ரிச்சர்ட் ஃபிளனகன் இதே ரயில் பாதையைப் பற்றி எழுதி 2014-ல் புக்கர் பரிசு பெற்றார். அவருடைய அப்பா அங்கே கைதியாக இருந்தவர். இது அவர்கள் மேல் நான் சொல்லும் குறை இல்லை. அவரவர் வீட்டு ஆளைப் பற்றி அவரவர் எழுதினார்கள், அவ்வளவுதான்.

தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-ல் வந்தது. பாதை கட்டி முடித்துச் சரியாக ஐம்பது வருடம். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005-ல். பிறகு கோ. புண்ணியவானின் ‘கையறு’. ஐம்பது வருடம் நாம் மௌனமாக இருந்தோம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோட்டங்களில் சயாம் பாட்டுகள் இருந்தன, ஒப்பாரி இருந்தது, திரும்பி வராத புருஷனுக்காகத் தாலியைக் கழற்றலாமா வேண்டாமா என்ற பேச்சு வருடக்கணக்கில் இருந்தது. இல்லாதது காகிதம். கைதிகளில் டைரி எழுதத் தெரிந்த அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், போர் முடிந்ததும் அவர்களைத் தேடி எடுத்துப் புதைக்க ஓர் ஆணையம் இருந்தது. நம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் கைநாட்டு.

இதனால்தான் இந்த நாவல்களைப் பற்றித் திறனாய்வு எழுத உட்காருகிறவன் திணறுகிறான். நாவலே ஆவணமாகவும் கல்லறையாகவும் இருக்க வேண்டிய நிலை. இதில் ‘பாத்திரப் படைப்பு பலவீனம்’ என்று எழுதினால் சாவு வீட்டில் போய்ச் சாப்பாட்டில் உப்புக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆகவே எல்லாரும் ‘நாவலில் தமிழர் துயர்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். மறுக்க ஆளில்லாத தலைப்பு. மறுக்க ஆளில்லாத தலைப்பில் கண்டுபிடிக்கவும் ஒன்றும் இருக்காது என்பது என் கட்சி.

சரி, வேறு என்ன எடுக்கலாம்? எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கை நல்ல யோசனை ஒன்று சொன்னாள். ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதியவர், இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ‘இமையத் தியாகம்’ எழுதியவரும் அவரே. ஏறக்குறைய ஒரே வருடங்கள், ஒரே தோட்டத்து ஜனங்கள். ஒன்றில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள். இன்னொன்றில் தாங்களே முன்வந்து துப்பாக்கி எடுத்தவர்கள். ஜப்பானியன் இரண்டிலும் இருக்கிறான். ஒரே எழுத்தாளர் கையில் அவன் இரண்டு புத்தகங்களிலும் ஒரே ஆளாக இருக்கிறானா? இது தலைப்பு. பதில் தெரியாமல் உள்ளே போகிறோம் இல்லையா. அவள் அதை எழுதிக்கொண்டிருக்கிறாள், நான் கை வைக்கவில்லை.

நான் எடுத்திருப்பது என் பாட்டியின் ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. பாட்டி ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சப்பான்காரன் காலத்தில் ஏழு வயது. அவருடைய அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி ஒரே மாதிரிதான் சொல்வார்: “பேரு எழுதிட்டாங்க. பெரட்டுல வச்சே ஏத்திட்டாங்க.” பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். யார் எழுதினார்கள்? தமிழில் இது பெரிய வசதி. ‘எழுதிட்டாங்க’ என்று சொன்னால் போதும், எழுவாய் வேண்டாம். கேட்பவனும் ஜப்பான்காரன் என்று எடுத்துக்கொள்வான்.

ஆனால் ஜப்பான் ராணுவத்தானுக்குத் தமிழ்ப் பெயர் எழுதத் தெரியுமா?

1942 ஜனவரி 31-ம் தேதி பிரிட்டிஷ் படை ஜொகூரை விட்டுச் சிங்கப்பூருக்குள் போய், பின்னாலேயே கடல் பாலத்தைக் குண்டு வைத்து உடைத்தது. தோட்டத்துத் துரைமார்கள் அதற்குள் போய்விட்டார்கள் அல்லது பிறகு சிறைக்குப் போனார்கள். துரை இல்லாத தோட்டங்களைப் பெரும்பாலும் கிராணிமார்தான் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ரயில் பாதைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. முதலில் ஆசை வார்த்தை: நல்ல சம்பளம், சாப்பாடு, சில மாதத்தில் திரும்பிவிடலாம். பிறகு இத்தனை தோட்டத்துக்கு இத்தனை தலை என்ற கணக்கு. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய இடங்களும் உண்டு. நாகஹாரா மிச்சிகோ என்ற ஜப்பானிய வரலாற்றாசிரியர் இந்த ஆள்சேர்ப்பைப் பற்றியே தனியாக ஆராய்ந்திருக்கிறார். தலைக்கணக்குக் கேட்ட இடத்தில் எந்தத் தலை என்று சொல்ல யாராவது ஒருவர் வேண்டும். தோட்டத்தில் ஒவ்வொரு ஆளின் பெயரும் ஏற்கெனவே ஒரு புத்தகத்தில் இருந்தது. செக்ரோல். வெள்ளைக்காரன் சம்பளம் போடுவதற்காக வைத்த வருகைப் பதிவேடு. அதைத் திறந்து டிக் போட்டால் போதும். பேனா கிராணி கையில்.

அந்தத் தோட்டத்துக் கிராணியின் பேரன் எங்கள் பெரியப்பா. அம்மாவின் அக்காவைக் கட்டியவர். கிராணி வீட்டுப் பையன் லயத்து வீட்டில் பெண் எடுத்ததே அப்போது பெரிய பேச்சாம். இப்போது அது யாருக்கும் நினைவில்லை. பாட்டி, தன் அப்பாவின் பெயர் எழுதப்பட்ட கதையைப் பெரியப்பா இருக்கும்போதும் சொல்லியிருக்கிறார். அப்போதும் ‘எழுதிட்டாங்க’தான். வேண்டுமென்றே எழுவாயை விழுங்கினாரா, இல்லை பேச்சு வழக்கு அப்படி அமைந்துவிட்டதா? பாட்டி இறந்து மூன்று வருடமாகிறது. கேட்க முடியாது.

நாவல்களிடம் கேட்கலாம். என் தலைப்பு இதுதான்: சயாம் ரயில் நாவல்களில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் காட்சிகளின் எழுவாய். மூன்று நாவல்களிலும், ஒரு ஆளின் பெயர் சொல்லப்படும், எழுதப்படும், கூப்பிடப்படும் இடங்களை எல்லாம் குறித்துக்கொண்டு வருகிறேன். ‘யார்’ என்பது வாக்கியத்தில் இருக்கிறதா? இருந்தால் அவருக்குப் பெயர் உண்டா, ‘கிராணி’ ‘கங்காணி’ என்று வேலைப் பெயர் மட்டுமா? இல்லையென்றால் அந்த இடத்தில் ஆசிரியர் பாட்டியைப் போல விழுங்குகிறாரா, அல்லது பாத்திரத்துக்கே தெரியாது என்பதால் விடுகிறாரா? இரண்டும் வேறு வேறு. முதலாவது அடக்கம், சமயத்தில் பயம். இரண்டாவது கதைசொல்லும் முறை. இந்த வித்தியாசத்தை வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், துயரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. செத்தவர்களுக்கு மரியாதைக் குறைவு இல்லாமல் நாவலை நாவலாகப் பார்க்க எனக்குக் கிடைத்த வழி இது ஒன்றுதான்.

புத்தகம் கிடைப்பதே பெரும்பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றை நண்பரிடம் நகலெடுத்தேன், ஒன்று பழைய பிரதி. தலைப்பை வாசகன் எடுப்பதற்கு முன்னால் அலமாரி எடுத்துவிடுகிறது. படிக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது, தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன் புத்தகத்தைக் கையில் வாங்கிவிடுங்கள்.

அம்மாவுக்கு இந்தத் தலைப்பு பிடிக்கவில்லை. “எழுதுறதுக்கு வேற ஒன்னும் கெடைக்கலையா? அக்கா காதுக்குப் போனா என்ன நெனைப்பா?” என்றார். கட்டுரையில் குடும்பத்தைப் பற்றி ஒரு வரியும் வராது, நாவலைப் பற்றி மட்டும்தான் என்றேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் பெரியப்பாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் குளுவாங்கில் இருக்கிறார், ஓய்வு பெற்றுவிட்டார். முழுவதையும் கேட்டார். தாத்தா செக்ரோலில் டிக் போட்டிருப்பார் என்பதை அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. போடாமல் விட்டிருந்தால் அவர் பெயரைப் போட இன்னொருத்தன் இருந்திருப்பான் என்றார். அது சாக்கா, நியாயமா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

கிளம்பும்போது பெரியப்பா ஒன்று கேட்டார். “அந்த நாவல்ல எல்லாம் கிராணி வாயத் தொறந்து ஏதாச்சும் பேசுறானா, இல்ல சும்மா பேனாவ வச்சிக்கிட்டு நிக்கிறானா?”

என் தாளில் அந்தக் கேள்வி இல்லை. யார் சொன்னது, யார் எழுதியது, யார் கூப்பிட்டது என்று மூன்று கட்டம்தான் போட்டிருந்தேன். இப்போது நாலாவதாக ஒன்று போட்டு, முதல் நாவலை மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.